புற்றுக்குப் பால் கொண்டுபோனவன் பேசுகிறேன்

பனி பொழியும் மாலையில் இந்த எழுபத்தெட்டாம் ஆண்டு அம்மன் திருவிழா மேடைக்குத் தலைமை தாங்கும் கோவில் தலைவர், தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி நல்லுசாமி அவர்களே! தேயிலைத் தோட்டத்துக்குத் தோள் கொடுத்த பெரியோர்களே! கொழுந்து கிள்ளிய கையோடு குழந்தையைத் தூக்கி வந்திருக்கும் தாய்மார்களே! ஆறாம் வகுப்போடு அறிவை நிறுத்திக்கொண்ட லாரி டிரைவர் இராமையாவின் அன்பு வணக்கம்.

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

போன வருடம் என் மகள் அம்சவல்லி, “அப்பா, திரிங்காப்பு டவுன்ல புத்தர் கூட்டம், வர்றீங்களா?” என்றாள். லாரிச் சத்தத்தில் கெட்ட காது அல்லவா, எனக்குக் கேட்டது ‘புத்துக் கூட்டம்’. பாம்புப் புற்றாயிற்றே என்று பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு பயபக்தியோடு போனேன். பூத்தோட்டக் கொட்டகையில் சிலர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

“புத்து எங்கங்க?”

புத்தரைத்தான் கேட்கிறேன் என்று நினைத்த தியான ஆசிரியர், “உள்ளுக்குள்ள பாருங்க” என்றார்.

“உள்ளயா? கடிச்சிடும் லா!” என்று வாசலுக்குப் பாய்ந்தேன்.

யாரப்பா அது, முட்டை என்னாச்சு என்பது? பொரித்துக் கொடுத்தார்கள், நான்தான் தின்றேன்!

அங்கே சாமி இல்லை. புத்தரும் சாமி இல்லையாம். துன்பம் ஏன் வருகிறது என்று உட்கார்ந்து யோசித்த மனிதராம். வரம் கேட்காதே, மனத்தைப் பார் என்றாராம். அதைத்தான் ஞாயிறுதோறும் நம் மண்டபத்தில் நாலைந்து பெண்களோடு என் மகள் செய்கிறாள். “சாமி கும்பிடாத பிள்ளைக்குக் கோவில் மண்டபம் எதுக்கு?” என்கிறது கமிட்டி. திருவிழா முடிந்ததும் பூட்டிவிடுவார்களாம்.

பூட்டுமுன் கேளுங்கள். என் மனைவி சாரதா இறந்தபோது, “ஆத்தா கூப்பிட்டுக்கிட்டா” என்றீர்கள். அன்பால்தான் சொன்னீர்கள். “எங்கம்மாவ எதுக்குக் கூப்பிட்டா?” என்று என் மகள் கேட்டாள். யாரால் சொல்ல முடிந்தது? உங்களாலா? என்னாலா?

சென்ற மாதம் மண்சரிவில் அம்மாக்கண்ணு கணவனை இழந்தாள். என் மகள் போனாள். ஆத்தா என்று சொல்லவில்லை, விதி என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதபோது அழவிட்டாள். அம்மாக்கண்ணு என்னிடம் சொன்னாள்: “எல்லாரும் பதில் சொன்னாங்கண்ணே. அம்சாதான் கூட இருந்துச்சு.”

அந்தக் கூட இருத்தலுக்குத்தான் இடம் கேட்கிறேன்! அழுகிறவள் அருகில் அமர்வது ஆத்தாவுக்கு ஆகாததா? கண்ணீரைக் கண்டு கரைவது கோவிலுக்குக் குற்றமா? சாமி கும்பிடாத பிள்ளைக்குச் சாமி வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமில்லையா?

அதோ, தலைவர் தலையாட்டுகிறார்! குளிர் நடுக்கமோ என்னவோ, நான் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஈரத்தரையில் பொறுத்திருந்த எல்லோருக்கும் நன்றி. பொங்கல் ஆறுமுன் வாங்கிக்கொண்டு சுகமாக லயத்து வீடு சேருங்கள். வணக்கம்.

மேடையில் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு. சாரதா போன நாளிலிருந்து நானும் ஆத்தாவோடு பேசுவதில்லை. கும்பிடுவதில்லை என்று மகள் வெளியே சொன்னாள். நான் திருநீறு பூசிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன்.