தன்னைத் தேடப் போனவன்

— சுத்தி வளைக்காத விஜேந்திரா. பனியில நடந்தீங்க, ரொட்டியைத் தண்ணில நனைச்சுத் தின்னீங்க, எல்லாம் கேட்டாச்சு. என் மகன் எப்ப வர்றான்? அதைச் சொல்லு.

— அதைத்தான் மாமா சொல்ல வர்றேன். வரிசையாச் சொன்னாத்தான் வெளங்கும்.

— வரிசையாச் சொல்றவன் எவனும் நடுவுல ஒண்ண ஒளிச்சு வைப்பான். காலம் பூரா கங்காணிக்குக் கீழ ரப்பர் பால் வெட்டுனவன்டா இந்த நாகலிங்கம். எனக்கா தெரியாது?

— சத்தியமா ஒளிக்கல மாமா. ஊருக்கு வந்ததும் இங்கதானே வந்தேன்?

— வரல. ஆள் விட்டுக் கூப்பிட்டேன், அப்புறம் வந்தே. வந்த நாள்லருந்து தெரணியகலை பஸ் ஸ்டாண்டுல நிக்கிறியாம். நம்ம தோட்டத்துக்குத் த்ரீவீல் ஏற மட்டும் கால் வரல.

— வரலதான் மாமா.

— ஏன்?

— அத்தை முழிச்சிருக்காங்களா?

— தூங்குறா. கஞ்சி குடிச்சாத் தூங்கிடுவா. கஞ்சின்னா என்னா, ரெண்டு கரண்டி. பெரியாஸ்பத்திரியில டாக்டர் மாத்தயா "கெதர கெனியன்ன"ன்னுட்டாரு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கன்னா என்னா அர்த்தம்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தொண்டையில எறங்கல. ஆனாலும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு முழுங்குறா. மகன் வர்ற வரைக்கும் உசிரு வேணுமாம்.

— ஐயோ, அத்தை...

— ஐயோன்னு ராகம் போடாத, இன்னும் சாகல. நீ சொல்லு. ருமேனியாவுக்குக் கட்டட வேலைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனீங்க?

— ஒண்ணாத்தான். அங்க நிக்க முடியல மாமா. ஒரு லொறிக்குள்ள ஒளிஞ்சு ஹங்கேரி. அங்கருந்து காட்டு வழியா ஒஸ்ட்ரியா. அப்புறம் இத்தாலி.

— கோழியை ஏத்துற மாதிரி.

— கோழிக்குக் கூடாவது இருக்கும். இத்தாலியில ஒரு ரயில் கோச்சி ஸ்டேஷன்ல படுத்துக் கெடந்தோம். பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் புள்ள, முதுகுல பெரிய மூட்டை. நம்ம ஸ்ரீதரன் அவனுக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல எங்க போறேன்னு கேட்டான். ஊர் ஊராப் போறேன், நான் யாருன்னு தேடிக்கிட்டுப் போறேன்னிச்சு.

— யாருன்னு தெரியாமலா வீட்டைவிட்டு வெளிய விட்டாங்க? பேரு வைக்கலியா அதுக்கு?

— நானும் அப்படித்தான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. கோச்சி வந்து அந்தப் புள்ள ஏறிப் போனப்புறமும் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தான். "மச்சான், நாமளும் அதுக்குத்தான் வந்திருக்கோம்"னான். தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தா நாம நாகலிங்கம் மகன், பால்வெட்டுக்காரன் மகன், அதுக்கு மேல நம்மளை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. இங்க யாரு நீன்னு கேக்குறாங்க, பதில் நம்ம வாயில இருக்குன்னான்.

— நாகலிங்கம் மகன்னு சொல்ல வாய் நோகுதாமா?

— அப்படிச் சொல்லல மாமா.

— அப்படித்தான்டா சொல்லியிருக்கான். உனக்கு வெளங்கல. அப்புறம்?

— சிங்கள ஆளுங்க ரூம்ல எடம் குடுத்தாங்க. நாம பேசுற சிங்களத்தைக் கேட்டுட்டு, அபே கொல்லோ, நம்ம பயலுகன்னு கட்டிப் பிடிச்சாங்க. ஸ்ரீதரன் தன் பேரு சமன்னு ஒரு சிங்களப் பேரைச் சொல்லிட்டான். கொஞ்ச நாள் சமனா இருந்தான். அப்புறம் பிரான்சுக்குப் போயிட்டோம். அங்க தமிழாளுங்க நெறைய மாமா, எல்லாம் யாழ்ப்பாணம், வன்னி. அங்க இருக்க விடணும்னா ஊருல நமக்கு என்னா ஆபத்துன்னு சொல்லணும். பட்டினின்னு சொன்னா அது ஆபத்துல சேராதாம்.

— சேராதுதான். இங்கயே சேர்த்ததில்ல.

— என்னை விசாரிச்சப்ப ஊரு முல்லைத்தீவுன்னு சொன்னேன். மொழிபெயர்க்க வந்த அம்மா, உங்க அப்பா காலையில எழும்பி என்ன செய்வாருன்னு கேட்டாங்க. யோசிக்காம, பெரட்டுக்குப் போவாருன்னுட்டேன்.

— பெரட்டுக்கா! முல்லைத்தீவுல ஏதுடா பெரட்டு? எந்தக் கங்காணி வந்து வரிசையில நிக்க வச்சுப் பேர் கூப்பிட்டான் உங்கப்பனை?

— சிரிக்காதீங்க மாமா. அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சிட்டு என் முகத்தையே பார்த்தாங்க. திட்டல. அப்படிப் பார்த்ததுக்குத் திட்டியிருக்கலாம். அதோட என் கதை முடிஞ்சுது, ஏத்தி அனுப்பிட்டாங்க.

— அவன் சிக்கலியா?

— அவன் சிக்க மாட்டான். கடையில பாத்திரம் கழுவிக்கிட்டே அவங்க பேச்சு, அவங்க சாமி, அவங்க மீன் பேரு வரைக்கும் பழகிட்டான். சின்னதுல பனையில ஏறி விழுந்தேன்னு காலைத் தூக்கித் தழும்பைக் காட்டுவான்.

— அது இந்தா, லயத்துக்குத் தண்ணி புடிக்கிற இந்தப் பீலிக்கல்லுல விழுந்த தழும்புடா. பனைமரத்தைக் கண்ணால கண்டிருக்கானா அவன்?

— இல்ல மாமா.

— சரி. எதையோ சொல்லி இருக்க எடம் புடிச்சிட்டான், இருக்கட்டும். பெத்தவ சாகக் கெடக்குறா. வர வேணாம். ரெண்டு வார்த்தை பேசட்டும், அவ காதுல வச்சிடறேன். போனைப் போடு.

— எடுக்க மாட்டான் மாமா.

— நீ போடு. அப்புறம் பேசு.

— இந்நேரம் சம்சாரம் வீட்டுல இருக்கும். அது கேட்டா...

— சம்சாரமா?

— டிலானின்னு பேரு. நல்ல பொண்ணு மாமா. நெசமான முல்லைத்தீவு. அது அம்மா அப்பா ரெண்டு பேரும் ஷெல் விழுந்து போயிட்டாங்க. நெசமா.

— நெசமா நெசமான்னு ஏன்டா ரெண்டு தரம் ஆணி அடிக்கிறே?

— ஒண்ணுமில்ல மாமா.

— விஜேந்திரா. என் முகத்தைப் பாரு.

— அவனும் அப்படித்தான் சொல்லியிருக்கான் மாமா. அப்பா அம்மா யுத்தத்துல செத்துட்டாங்கன்னு. விசாரிச்சவங்ககிட்ட சொன்னான். அப்புறம் அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னான். அதைக் கேட்டு அது அழுதிச்சு. அதுலதான் ரெண்டு பேரும் சேர்ந்தாங்க.

— மழை விட்டிருச்சு.

— மாமா...

— தகரத்துல சத்தத்தைக் காணோம், அதான் சொன்னேன். அப்ப அந்தப் போட்டோ?

— எது மாமா?

— தெரியாத மாதிரிக் கேக்காத. எங்க கல்யாணப் போட்டோவை அனுப்பச் சொல்லிக் கேட்டானே. செவுத்துலருந்து கழட்டி, உன் அத்தை முந்தானையால தொடைச்சு, பக்கத்து வீட்டு சர்மிளாவை வச்சு போன்ல புடிச்சு அனுப்புனா. எம்மகனுக்கு எங்க மொகத்தைப் பார்க்காம இருக்க முடியலியாம்னு லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நானும் தலையை நிமித்திக்கிட்டுப் பெரட்டுக் களத்துப் பக்கம் போயிட்டு வந்தேன். எதுக்கு அது?

— மே மாசத்துல அங்க தமிழாளுங்க எல்லாம் ஒரு எடத்துல கூடுவாங்க மாமா. யுத்தத்துல செத்தவங்க படத்தை வச்சு விளக்கேத்துவாங்க. போன வருசம் நானும் போயிருந்தேன். டிலானியோட அம்மா அப்பா படம் இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல நீங்களும் அத்தையும்.

— மாலை?

— போட்டிருந்தான்.

— அழுதானா?

— அழுதான் மாமா. நடிப்பில்ல. ஏங்கி ஏங்கி அழுதான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் புடிச்சுது.

— புள்ளகுட்டியோட செத்த சனம்டா அது. அவங்களுக்கு வச்ச எடத்துல, இங்க குந்திக்கிட்டுச் சோறு திங்கிற என்னையுமா கொண்டு போயி வச்சான்? அந்தப் பொண்ணு பெத்தவங்களுக்குப் பக்கத்துல? அவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?

— நான் சொன்னேன் மாமா. சண்டை கூடப் போட்டேன். "இப்பத்தான் மச்சான் நான் யாருன்னு எனக்குத் தெரியுது, அதைக் கெடுத்துடாத"ன்னு காலைப் புடிச்சான்.

— ஆங். இத்தனை சீமை தாண்டிப் போயி இதைத்தான் கண்டுபிடிச்சிருக்கான். அப்பன் ஆத்தா இல்லாதவன்னு. நீ என்னாத்தைக் கண்டுபிடிச்சே?

— நானா? எங்க போய் நின்னாலும் பெரட்டுக்குப் போறவன் மகன்னு.

— நீ தேறமாட்ட. கேளு. எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்ல, வாயி கோணிக்கும், அவ கண்டுபிடிச்சிருவா. நீ சொல்லு. டிக்கட் போட்டுட்டான், வந்துக்கிட்டே இருக்கான்னு சொல்லு. இன்னும் ரெண்டு கரண்டி கஞ்சி எறங்கும்.

— எப்படி மாமா அத்தை கண்ணைப் பார்த்து...

— காலைப் பார்த்துச் சொல்லு.

— வேணாங்க. புள்ளையப் பாவம் பண்ண வைக்காதீங்க.

— புஷ்பம்! நீ எப்ப முழிச்சே?

— நான் எங்க தூங்குனேன். நடுவுல வெறும் பலகைத் தடுப்புதானேங்க. தம்பி விஜேந்திரா, கிட்ட வா. அந்தப் பொண்ணு அவனை நல்லா வச்சிருக்கா?

— நல்லா வச்சிருக்கு அத்தை.

— ஆக்கிப் போடுறாளா?

— போடுது அத்தை. கொஞ்சம் உடம்பு கூட வச்சிருக்கான்.

— நாங்க உசிரோட இருக்குறது தெரிஞ்சா?

— அது விட்டுட்டுப் போயிடும் அத்தை. அவனை அங்க இருக்கவும் விட மாட்டாங்க.

— பேசாத புஷ்பம், மூச்சு வாங்குது. இந்தா, ஒரு வாய் கஞ்சி.

— அதைக் கொண்டு போங்க. அது அவன் வருவான்னு குடிச்சது. தம்பி, வெசாக் மாசம்தானே நீ சொன்ன மே மாசம்? அதுக்கு இன்னும் நாள் கெடக்கா?

— கிட்டத்துல வந்திருச்சு அத்தை. கடைத்தெருவுல வெசாக் வெளக்குக் கூடு கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஏன் அத்தை?

— அதுக்குள்ள நான் போயிடறேன். எம்புள்ள ஏத்துற விளக்கு பொய் விளக்கா இருக்கக் கூடாது... ஏங்க.

— என்னாடி.

— அந்தப் போட்டோவுல ரெண்டு பேருங்க. நீங்களும் ரொம்ப நாள் இழுத்துக்கிட்டு இருக்காதீங்க.