நாலாம் மாடிக் கூட்டம்

— எழுதினியா வெனான்சியா? எங்க, வாசி.

— ‘லிமாச்சி கம்பளி நிறுவனம், எல் ஆல்ட்டோ. நமது மூன்று கிளைகளின் மேலாளர்களுக்கும் நிறுவனரும் தலைவருமாகிய டான் நிகானோர் லிமாச்சி அவர்கள் தெரிவிப்பது யாதெனில்...’ இதோட நின்னு அரை மணி நேரம் ஆச்சுங்க டான் நிகானோர்.

— யோசிக்கிறேன்ல... முடிவுன்னா சும்மாவா?

— நல்லா யோசிங்க. மாசாமாசம் இங்க ஏறி வர்றதா, இல்ல இனிமே வீடியோவுலயே கூட்டமான்னு ஆறு மணிக்குள்ள பதில் வரலைன்னா சாந்தா குரூஸ் மேலாளர் வால்தெர் வேலையை விட்டுடுவேன்னு சொல்லியிருக்காரு. நினைவுபடுத்தறேன், அவ்வளவுதான்.

— மிரட்டறானா? எழுது. ‘காணொளிக் கூட்டம்... நமது தொழிலுக்கு... ஒருபோதும்... ஒத்துவராது.’

— நடுநடுவுல நிறுத்தறீங்களே, அதுக்கெல்லாம் புள்ளி வைக்கணுமா?

— அது கம்பீரம்மா. பெரிய மனுஷன்... நிறுத்தித்தான் பேசுவான்.

— போன வருஷம் வரைக்கும் கடகடன்னு பேசுவீங்களே.

— அப்போ... சின்னப் பெரிய மனுஷன்.

— சரிங்க. ஏன் ஒத்துவராது? காரணம் போடணும்ல.

— ‘மனிதனை மனிதன் நேரில் கண்டு, கைகுலுக்கி, ஒரே மேசையில் அமர்ந்து...’

— மூச்சு வாங்கி...

— என்னது?

— ஒண்ணுமில்ல. கைகுலுக்கி, உக்காந்து, மூச்சு வாங்கி, வாந்தியெடுத்து... போன கூட்டத்துல வால்தெரை ஸ்ட்ரெச்சர்லதானே இறக்கினோம். மூணு மாசமாச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் இந்தப் படி ஏறல.

— சாந்தா குரூஸ்காரன்... சமவெளியில மாம்பழம் தின்னு வளர்ந்தவன். நாலாயிரம் மீட்டர் மேல வந்தா தலை சுத்தத்தான் செய்யும். நான் என்ன குறை வெச்சேன்? விருந்தாளிக்குன்னு அலமாரியில ஆக்ஸிஜன் சிலிண்டரே வாங்கி வெச்சிருக்கேன். வாங்கினதுலேருந்து துளி குறையல. ஜெர்மன் சரக்கு!

— ஆமாமா, அதிசயமான சிலிண்டர்தான். ஆனா கூட்ட அறையை நாலாம் மாடியில வைக்காம இருந்திருக்கலாம். லிஃப்ட்டும் கிடையாது.

— இல்லிமானி மலை... அங்கிருந்துதான் தெரியும்.

— அவங்களை ஜன்னலுக்கு முதுகு காட்டித்தானே உக்கார வைக்கறீங்க?

— விருந்தாளி என்னைப் பாக்கணும். மலையை எதுக்குப் பாக்கணும்?

— மலை மயக்கத்துக்குக் குடிக்கற கோகா இலை டீயும் தீர்மானம் நிறைவேறின பிறகுதான் வரும்.

— அது... நம்ம முறை.

— பத்தொம்பது வருஷத்துல ஒரு கூட்டத்துல கூட நீங்க தோத்ததில்ல.

— வாதத் திறமை!

— எதிராளி வாயைத் திறந்தா வெறும் காத்துதானே வரும். குறிப்பு எழுதறது நான்தானுங்களே. ‘கனத்த கம்பளி அறுநூறு சாந்தா குரூஸ் கிளைக்கு அனுப்பப்படும். வால்தெர் கை உயர்த்தி ஆதரவு தெரிவித்தார்.’

— உயர்த்தினானா, இல்லையா?

— வாளி கேட்டு உயர்த்தினாரு.

— ... நேத்து வெள்ளோட்டம் விட்டோமே, அந்த வீடியோ கூட்டத்துல பாத்தியா அவனை? ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு... நாப்பது நிமிஷம்! அவனுக்குப் பேச வரும்னே எனக்குத் தெரியாது.

— எனக்கும்தான். கணீர்னு குரல்.

— முப்பத்தஞ்சு டிகிரியில கம்பளியைப் போத்திக்கிட்டு எந்த மடையன் தூங்குவான்னு கேட்டான். தரிஹா கிளைக்காரி மெல்வி விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவளுக்குப் பல் இருக்கறதே... நேத்துதான் தெரிஞ்சது.

— இங்க வந்தா சிரிக்க மூச்சு மிச்சம் இருக்காதுங்க.

— கொச்சபாம்பாக்காரன் எலோய் என்னடான்னா... கூட்டம் முச்சூடும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தான். எலும்பு கடிக்கிற சத்தம் இங்க கேக்குது. இது தலைவருக்குக் காட்டற மரியாதையா?

— முதல் பத்து நிமிஷம் அவங்களுக்கு உங்க தொப்பி மட்டும்தான் தெரிஞ்சது. தொப்பிக்கு எவ்வளவு மரியாதை காட்ட முடியும்?

— அந்தக் கம்ப்யூட்டரே கோளாறு.

— புதுசா வாங்கினதுக்குப் பூமித்தாய்க்குப் படைக்கறேன்னு பீரை ஊத்தினீங்க. இப்ப தட்டினா விரல் ஒட்டுது.

— மேசை மூலையிலதானே ஊத்தினேன்!

— அதுவும் அந்த மூலையிலதான் இருந்துச்சு.

— பேச்சை மாத்தாத. தெக்கத்திக் குளிர்காத்து அடிச்சா சாந்தா குரூஸ்லயும் குளிரும்... அதை நான் சொன்னேன்ல?

— சொன்னீங்க. வருஷத்துல நாலு நாள்னு அவரு சொன்னாரு. நீங்க ஒரு தடவையாவது அங்க போயிருக்கீங்களா?

— காலண்டர்ல பாத்திருக்கேன்.

— கடைசியில, கம்பளி வேணாம், மெல்லிசா படுக்கை விரிப்பு அனுப்பறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

— அத்தனை பேர் முன்னால... தோத்தேன் வெனான்சியா. முதல் தடவையா.

— ரொம்ப வலிச்சுதா?

— அதான் ஆச்சரியம்... ராத்திரி நல்லா தூங்கினேன்.

— நடுவுல மூணு தடவை உங்க முகம் மறைஞ்சு போச்சே. கரண்டு போச்சான்னு வால்தெர் பதறிட்டாரு.

— அது அந்தப் பொத்தான். படத்துக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு... ரெண்டையும் அணைச்சேன். தலைவன் ஆழ்ந்து யோசிக்கிறப்ப அவன் முகத்தை யாரும் பாக்கக் கூடாது.

— ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் யோசிச்சீங்க.

— யோசனை நிறைய இருந்துச்சு... உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அது நல்ல பொத்தான். பத்தொம்பது வருஷமா அந்தச் சிவப்பு நாற்காலியில விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அத்தனை பேர் முன்னால சாயக் கூடாது, இருமக்கூடக் கூடாது. நேத்து ஒரே ஒரு விரலால... தட்டினேன். அத்தனை பேரும் காணோம். அப்பாடான்னு இருந்துச்சு.

— அப்ப கடிதத்தை மாத்திடலாமா?

— அவசரப்படாத. நாலாம் மாடி, சிவப்பு நாற்காலி, இல்லிமானி... இதெல்லாம் போனா நான் யாரு?

— அந்த நாலாம் மாடி ஏறவே இப்பல்லாம் உங்களுக்கு அரை மணி ஆகுது.

— போற வழியில ரெண்டாம் மாடியில சரக்கு பாக்கறேன்ல!

— ரெண்டாம் மாடி மார்ச்லேருந்து காலிங்க.

— ... காலியா இருக்கான்னு பாக்கறேன்.

— கீழ கொச்சபாம்பா பள்ளத்தாக்குல உங்க பொண்ணு வீடு ஞாபகம் வருது. பின்னால தோட்டம், வெண்ணெய்ப்பழ மரம். மாடியே இல்லாத வீடு.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— இல்ல... பள்ளத்தாக்குல இருந்துகிட்டே தலைமைக் கூட்டத்தை நடத்த முடியுமான்னு யாராவது சோதிச்சுப் பாக்கணும்ல. ஒரு ஆறு மாசம்.

— தலைவனே போய்ச் சோதிக்கிறதா?

— எவ்வளவு பெரிய பொறுப்பு! எலோய்கிட்டயா ஒப்படைக்க முடியும்? கம்ப்யூட்டர்ல எலும்பைக் கொட்டி வெச்சிருவாரு.

— அது வாஸ்தவம்... வேற யாருக்கு அந்தத் திறமை இருக்கு? ஆனா ஊர் சிரிக்குமே. லிமாச்சி மலையை விட்டு இறங்கிட்டான்னு...

— இல்லிமானியைப் பெரிசா படம் எடுத்து, உங்க முதுகுக்குப் பின்னால மாட்டிடலாம். திரையில யாருக்குத் தெரியப் போவுது?

— பனியோட தெரியணும்.

— பனியோடயே எடுக்கச் சொல்றேன்.

— சிவப்பு நாற்காலி?

— லாரியில அனுப்பறேன். சுத்தறதுக்கு சாந்தா குரூஸ்லேருந்து அறுநூறு கம்பளி திரும்பி வருது.

— ம்... எழுது. ‘சமவெளியில் பிறந்தோர் இம்மலையில் படும் துயர் கண்டு மனமிரங்கி... அன்னார் நலனை மட்டுமே கருத்தில் கொண்டு... காணொளிக் கூட்டம் நமது தொழிலுக்கு முற்றிலும் ஒத்துவரும் எனத் தலைவர் அவர்கள் முடிவு செய்துள்ளார்.’ அந்த ‘மட்டுமே’வுக்குக் கீழ கோடு போடு.

— ரெண்டு கோடு போட்டாச்சு. அனுப்பவா?

— அனுப்பு... இரு... சரி, அனுப்பு. போயிடுச்சா?

— போயிடுச்சு. ஆறாக இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.

— அப்பாடா... மலையையே இறக்கி வெச்ச மாதிரி இருக்கு. பாவம் வால்தெர். நல்லவன்தான், மூச்சுதான் பத்தல. அவன் மட்டும் கேக்கலைன்னா... இந்த வீடியோ பேச்சையே நான் எடுத்திருக்க மாட்டேன்.

— அவரு எங்கங்க கேட்டாரு? பத்து தடவை வாந்தியெடுத்தாலும் இங்க சந்தையில பன்றிக்கறிக் குழம்பு சாப்பிட வந்தே தீருவேங்கற ஆளு. கேக்கச் சொன்னதும் நான்தான், வேலையை விட்டுடுவேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்... விருந்தாளி ஒருத்தரும் வராத இந்த மூணு மாசத்துல, காலியாக் கிடந்த அந்த ஜெர்மன் சிலிண்டரை நாலாவது தடவையா நிரப்பிக் கொண்டாந்து அலமாரியில வெச்ச அன்னிக்கு.