பார்க்கிறதுக்கும் திறக்கிறதுக்கும் நடுவுல

ஒரு ஊர்ல ஒரு கெர்னல் இருந்துச்சாம்ணே. ம் கொட்டுங்க. கேக்கிறவங்க ம் கொட்டலைன்னா கதை நின்ன இடத்துலயே நின்னுடும், எங்க வீட்டுல அப்படித்தான். ஆங், அதான்.

ஏன் கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க, உக்காருங்கண்ணே. நான் எங்க ஓடப் போறேன்? போன் உங்க பாக்கெட்டுல. கதவு திறக்கிற கார்டை முடக்கியாச்சு. ஜன்னல்னு பேருக்கு வராந்தா பக்கம் ஒரு கண்ணாடி, அதுவும் திறக்காது. மேனேஜர் வர்ற வரைக்கும் இந்த மீட்டிங் ரூம்ல நானும் ஒரு நாற்காலிதான். ஹாலைத்தான் சுத்திப் பாத்துட்டீங்களே, மேனேஜர் அணைக்கச் சொன்ன நெட் சுவிட்சை அப்புறமா அணைச்சுக்கலாம். அதென்ன அடுப்புல வச்ச பாலா, பொங்கி வழிய?

கெர்னல்னா கம்ப்யூட்டருக்கு உள்ள நிக்கிற வாட்ச்மேன், உங்களை மாதிரி. சிரிக்காதீங்க, நிஜமா. எந்த புரோகிராமும் அதைக் கேட்டுட்டுத்தான் எதையும் தொடணும். நாங்க செய்யற கெர்னல் எதுல ஓடுது தெரியுமில்ல? ஆஸ்பத்திரியில மூச்சு குடுக்கிற மெஷின்ல.

அது ஒழுங்காத்தான் பாக்கும். யாரு நீ, சரி. இந்த ஃபைலா, சரி. பாத்துட்டு, அப்புறம் திறந்து விடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்துல எவனாவது ஃபைலை மாத்தி வச்சுட்டா? பாத்தது ஒண்ணு, திறந்தது இன்னொண்ணு. அப்புறம் மெஷின் அவன் பேச்சைத்தான் கேக்கும். நிறுத்துன்னா நிறுத்திடும்.

ம். மூச்சைத்தான்.

அக்காவும் நானும் சேந்துதான் கண்டுபிடிச்சோம். அதாண்ணே, என் பக்கத்து சீட்டு, மாடியே அதிர்ற மாதிரி தும்முவாங்களே. சரியும் பண்ணிட்டோம். மெஷினுக்கெல்லாம் அனுப்பறதுதான் பாக்கி. மேனேஜர், பெரிய ஆர்டர் ஒண்ணு கையெழுத்தாகட்டும், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்காதீங்கன்னுட்டார். நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுவேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அதான் இங்க உக்காந்திருக்கேன்.

அட, மேனேஜரும் இதேதான் கேட்டார், அவ்ளோ சின்னச் சந்துல எவன் நுழைவான்னு. நுழையறவன் வேகமா ஓடணும்னு இல்லண்ணே. நடுவுல வாட்ச்மேன்கிட்ட பேச்சுக் குடுத்தா போதும். சந்து தெருவாயிடும்.

இல்லண்ணே. அக்கா இன்னும் வீட்டுக்குப் போகல. நீங்க ஹாலைப் பாத்தப்போ பாத்ரூம்ல இருந்தாங்க. யாரும் இல்லைன்னு பாத்தீங்க, சரிதான். உடனே சுவிட்சை அணைச்சிருக்கணும். நடுவுல நான் கதை சொன்னேன்.

எந்திரிக்காதீங்க, முடிஞ்சிருக்கும். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பையை மாட்டிக்கிட்டு லிஃப்டுக்குப் போறாங்க பாருங்க. தலையை ஆட்டுறாங்களே, மெஷினுக்கெல்லாம் அனுப்பியாச்சுன்னு அர்த்தம். உங்களை யாராவது திட்டினா, அவன்தான் ஏமாத்தினான்னு சொல்லிடுங்க. நிஜம்தானே.

ஓடாதீங்கண்ணே, லிஃப்ட் இறங்கிடுச்சு. கதவை வெளிய பூட்டிட்டா போறீங்க? சரி, பூட்டிக்குங்க. இனிமே அணைச்சு என்ன ஆகப் போகுது...

அண்ணே, அது நெட் சுவிட்ச் இல்ல. இந்த ரூம் லைட்டு.