ஆதிமூலத்தின் முதல் சாவு

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாகூர் மிராசுதார் அரங்கநாதன், அந்த லேகியப் படத்தின் யோசனை தன்னுடையது என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பொய். ஆதிமூலத்தின் விஷயத்தில் நடந்ததெல்லாம் இந்த இன்னாசிமுத்துவின் யோசனை. இன்னொருவர் பெயரைச் சேர்த்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

முன்பு புதுச்சேரியில் செத்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, சொந்தக்காரர்களைச் சுற்றி நிறுத்தி எடுப்பேன். செத்தவர்கள் ஆடமாட்டார்கள், சொந்தக்காரர்கள்தான் ஆடிக் கெடுப்பார்கள். அந்த அலுப்பில்தான் ஓடும் படத்துக்கு மாறினேன். கொட்டகைகளில் இடைவேளையின்போது சோப்பு, பல்பொடி, பீடி என்று சின்னச் சின்னப் படங்கள் போட்டு, பக்கத்தில் நின்று நானே கதை சொல்வேன்.

அரங்கநாதனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேட்டிக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம், அதற்கும் மேல் ஒரு பதக்கம். எதற்குக் கிடைத்த பதக்கம் என்று கேட்டால் கோபம் வரும். கொம்யூன் சபைக்குத் தலைவராக, மேர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. ஊர் ஊராக முகம் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு லேகியம் கிண்டினார். பெயர், அரங்கநாத சஞ்சீவி. வெல்லம், சுக்கு, கொஞ்சம் சாராயம். எந்த வியாதியையும் தீர்க்காது. எந்த வியாதிக்கும் குறுக்கே நிற்கவும் நிற்காது.

முதல் படம் எளிமையானது. லேகியம் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு நோஞ்சான். சாப்பிட்ட பிறகு மிராசுதார். நோஞ்சானுக்கு அவருடைய பண்ணையிலேயே ஆள் கிடைத்தான். ஆதிமூலம் பரம்பரையாக அங்கே உழைத்தவன், ஆகவே விலா எலும்பெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. வாயில் லேகியத்தை வைப்பான், கண்ணை மூடுவான், திரை மங்கும், மறுபடி வெளுக்கும்போது அந்த இடத்தில் அரங்கநாதன் தொந்தியோடு நின்று கும்பிடுவார்.

ஜனங்கள் நம்பினார்கள். அளவுக்கு மிஞ்சியே நம்பினார்கள். அரங்கநாதன் ஓட்டுக் கேட்க நெட்டப்பாக்கம் போனபோது, வண்டியை நிறுத்தி ஒரு கிழவர் அவர் தோளைத் தட்டினார்.

"இன்னாபா ஆதிமூலம், நல்லாத் தேறிட்டியே. எங்க வூட்டுப் பையனுக்கும் ஒரு உருண்டை குடேன்."

பின்னால் ஒருவன் கேட்டான்: "மேருக்கு நிக்கிறியாமே. நடவு வேலைக்கு இனிமே வரமாட்டியா?"

பாகூர் திரும்பியதும் அரங்கநாதன் பதக்கம் நடுங்க என் முன்னால் நின்றார். "அவனும் நானும் ஒரே ஆளாய்யா? அவன் வேற, நான் வேறன்னு ஊருக்குத் தெரியணும். ஒழிச்சுக் கட்டு அவன." ஐயா, இதை உத்தரவு என்று தப்பாக எழுதிவிடாதீர்கள். ஒழிக்கச் சொன்னது மட்டும்தான் அவர். எப்படி என்பது கலைஞனின் வேலை.

இரண்டாவது படம் என் மனத்தில் முழுதாக வந்தது. லேகியம் வாங்கித் தின்றவர் அரங்கநாதன். அலட்சியம் செய்து செத்தவன் ஆதிமூலம். ஒருவன் பாடையில் போனால் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் எடுத்தோம். மேளக்கார இருசப்பன் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றான். "பொய்ச் சாவுக்கெல்லாம் கை வராதுங்க. அடிச்சா ஒழுங்கா சாவு மோளம் அடிப்போம்." ஒழுங்காகவே அடி என்றேன். நடிக்கத் தெரியாதவர்கள் பாருங்கள், எல்லாவற்றையும் முறைப்படி செய்தார்கள். பங்காளி கண்ணையன் மீசையை எடுத்துவிட்டுக் கொள்ளிக்குடம் உடைத்தான். பாடையிலிருந்து ஆதிமூலம் ஒரு கண்ணைத் திறந்து, "மெதுவா தூக்குங்கடா, இடுப்பு வலிக்குது" என்றான். பெண்டாட்டி காசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "தாலிய மட்டும் கழட்டச் சொல்லாதீங்க சாமி" என்று கேட்டுக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. நான் கல்நெஞ்சன் அல்ல.

சுடுகாட்டில் படம் முடிந்ததும் ஆதிமூலம் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அது படத்தில் கிடையாது.

வில்லியனூர்த் தேருக்குப் போட்ட கொட்டகையில் அதைத் திரையிட்டேன். பாகூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாடை தூக்கியவர்களே பாடையைப் பார்த்து விம்மினார்கள். கையால் செய்தபோது விளையாட்டாக இருந்தது, கண்ணால் பார்த்ததும் சாவாகிவிட்டது. ஊருக்குப் போனவுடன் பெண்கள் கூடி, காசம்மாளின் தாலியை அவர்களே கழற்றிவிட்டார்கள். ஆதிமூலம் வாசலில் நின்று கத்தியிருக்கிறான்.

"சொடலைக்குப் போயி வந்த கால வாசப்படியில வைக்காத. புள்ளகுட்டி இருக்கிற ஊரு" என்று கண்ணையன் மறித்தானாம். "ஒனக்குக் குடம் ஒடைச்ச கையிடா இது. இந்தக் கையால எப்பிடி சோறு போடறது?"

பண்ணையிலும் வேலை இல்லை. செத்தவன் நாற்று நட்டால் லேகியம் எப்படி விற்கும்? விற்பனை அப்போது பிரமாதமாக இருந்தது. தன்னோடு தானே சண்டைபோட்டு ஜெயித்தவர் போல அரங்கநாதன் மேர் ஆனார்.

ஆதிமூலம் ஏரிக்கரைப் பனந்தோப்பில் தங்கினான். காசம்மாள் புத்திசாலி. புருஷனுக்குச் சோறு கொண்டுபோனால்தானே தடுப்பார்கள்; செத்துப்போன புருஷனுக்குப் படையல் வைத்தால் யார் தடுப்பது? அமாவாசை தோறும் கரையில் இலை போட்டுப் படைத்தாள். காக்கை தொட்ட பிறகு அவன் சாப்பிட்டான். மாதம் ஒரு சாப்பாடு ஒரு ஆளுக்குப் போதாது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். அவர் படித்தவர்.

ஒருநாள் பட்டப்பகலில் கொட்டகைக்கு என்னைத் தேடி வந்தான்.

"படக்கார ஐயா, நான் உசுரோட இருக்கேன்னு ஒரே ஒரு தபா புடிச்சுக் காட்டுங்க. நீங்க காட்டுனா நம்புவாங்க. நான் நேர்ல போயி நின்னா ஓடறாங்க."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் பாருங்கள், அதைக் காட்டினால் முதலில் காட்டியது பொய் என்று ஆகும். அப்புறம் என் சோப்பை யார் நம்புவார்கள், பல்பொடியை யார் நம்புவார்கள்? "செத்தவன் நடப்பதாகக் காட்டினால் தந்திரக் காட்சி என்பார்கள் ஆதிமூலம்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மரியாதை தெரிந்தவன்.

பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. கொட்டகையில் காட்டாவிட்டாலும் எடுத்தாவது கொடுப்போமே என்று கட்டுச்சோற்றையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பனைமரத்தில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். கேமராவை நிறுத்திக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். அவன் கேமராவைப் பார்க்கவில்லை, என் பக்கத்திலிருந்த சோற்றுத் தூக்குவாளியைப் பார்த்தான். கையையும் நீட்டினான். தயிர்ச்சோறுதான், காலால் எட்டித் தள்ளினால் அவன் கைக்குப் போயிருக்கும். ஆனால் கைப்பிடியை ஒரே வேகத்தில் சுற்றவேண்டும் ஐயா. நடுவில் விட்டால் படம் துள்ளும். சுற்றிக்கொண்டே இருந்தேன். கை கீழே விழுந்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் சுற்றினேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

ஊரில் போய்ச் சொன்னேன். தூக்க யாரும் வரவில்லை. "அவனுக்குத்தான் அப்பவே அடிச்சாச்சே" என்றான் இருசப்பன். காசம்மாள் மட்டும் வந்தாள். அவள்தான் உங்களிடமும் வந்திருக்கிறாள்.

அவனைக் கொன்றது நான்தான். இதில் மேருக்குப் பங்கில்லை. எழுதிக்கொண்டீர்களா?

இரண்டு சுருளும் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. கோர்ட்டில் இரண்டையும் போட்டுக் காட்டுவீர்கள். ஒரே ஒரு விண்ணப்பம், பாடையில் போகிறானே, அதைக் கடைசியில் போடுங்கள். ஏரிக்கரைச் சாவு அவ்வளவு நம்பும்படியாக இல்லை.