குழாயடியில் நான் சிரித்த சிரிப்பு

மனுதாரர் தரப்பு மூன்றாம் சாட்சியாகிய எனக்கு வயது நாற்பத்தாறு. தொழில் தையல். கடையை ஒட்டிய பின்னறையில் குடியிருக்கிறேன். இந்த வழக்குக்குக் காரணமான சினிமாப் படத்தை இயக்கிய மனுதாரர் என் கூடப்பிறந்த தம்பி.

அவனுடைய முதல் படமான இதற்கு உடைகள் தைத்தது நான்தான். ஒரு காட்சியில் அமைச்சராக நடித்தவர் புதுக் குடிநீர்க் குழாயைத் திறந்துவைக்க வேண்டும், தண்ணீர் கொட்ட வேண்டும் என்றுதான் கதையில் இருந்தது. அன்று அரங்கம் அமைத்தவர்கள் குழாயை நட்டார்களே தவிர, அடியில் இணைப்புக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அவர் பேசி முடித்துத் திறந்ததும், குழாய் கிழவனைப்போல் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அதன்பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் குழாயையே கும்பிட்டார். கேமராவுக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்ற நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தம்பி 'கட்' சொல்லவில்லை. அவன் அப்படித்தான், தப்பு நடந்தால் ஓடவிட்டுப் பார்ப்பான். அந்தக் காட்சியை என் சிரிப்புச் சத்தத்தோடு அப்படியே படத்தில் வைத்துவிட்டான்.

அதன்பிறகு படத்தைப் பார்த்த தணிக்கைக் குழு, தண்ணீர் வராததை விட்டுவிட்டு, அமைச்சரைப் பார்த்து ஒரு பெண் சிரிப்பது அரசை இழிவுபடுத்துகிறது, சிரிப்பை நீக்கினால்தான் சான்றிதழ் என்றது. தம்பி வழக்குப் போட்டான். அவன் என்னைச் சிரிக்கச் சொல்லி நிறுத்திவைத்ததாக அரசு வக்கீல் கூறுவது பொய். எனக்குச் சிரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன்பிறகு, ஆறு வருஷ உழைப்பு பெட்டியில் முடங்கிக் கிடக்கிறதே என்று வயிறெரிந்து, போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவனைத் திட்டினேன். "என் சிரிப்பு என்னடா பெரிய சிரிப்பு? வெட்டித் தொலைச்சுட்டுப் படத்தை வெளியிடுடா" என்றேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாமா போனதுக்கப்புறம் நீ சிரிச்சது அன்னைக்குத்தான்க்கா. என் கையால வெட்ட மாட்டேன்" என்றான். அந்தக் காட்சி எடுத்தபோது என் கணவர் இறந்து இரண்டு வருஷம். எனக்கே தெரியாதது இந்தத் தடிப்பயலுக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வந்துவிட்டது. அவன் போதும் போதும் என்றதையும் கேட்காமல் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

சிரிப்பை நீக்கச் சம்மதமா என்று அரசு வக்கீல் இன்று என்னைக் கேட்டார். போன வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேன். இப்போது இல்லை. அன்று நான் அரசைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இந்த வழக்கைப் பார்த்தபிறகுதான் அரசைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது. அரசைப் பற்றிய கடைசி வரியை மட்டும் நீக்கிவிடட்டுமா என்று வாக்குமூலம் எழுதுகிறவர் கேட்டார். கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)
மூன்றாம் சாட்சி, மனுதாரரின் அக்கா