எஸ்னாத் அம்மையார் நசுக்க விடாத கறுத்த முட்டைகள்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, அம்மையாரின் கணவர் யோராம் அவர்களே, காலில் சேறு காயாமல் வயலிலிருந்து நேரே வந்திருக்கும் கசுங்கு வட்டார மக்காச்சோள விவசாயிகளே, கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

நம் சங்கத்தின் பயிர் ஆலோசகர் எஸ்னாத் ஜெரே அம்மையார் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். மழை வந்துவிட்டது. படைப்புழுவும் வந்துவிட்டது. அவர் மட்டும் வரவில்லையே! இந்தக் கூட்டம் முடிந்ததும் எல்லா வயலுக்கும், அவர் வயலுக்கும் சேர்த்து, மருந்து அடிப்பதென்று சங்கம் நேற்று முடிவெடுத்திருக்கிறது. அதற்கு முதலில் கை தூக்கியவன் செயலாளரான இந்த லாமெக்தான். ஏன் தூக்கினேன்? பயம்! இத்தனை வருடமாகப் பயப்படுகிற வேலையை அவரிடமே விட்டிருந்தோம்.

நான்கு வருடத்துக்கு முன்பு, இலையடியில் கறுத்த முட்டைக் குவியல்களைப் பார்த்தேன். கறுத்திருந்தால் விஷம் அதிகம் என்பது நம் ஊர்க் கணக்கு. ஒரு கூடை நிறையக் கிள்ளி அடுப்பில் போட்டுவிட்டு, அவரிடம் போய்ப் பெருமையடித்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அட பாவி! புழுவோட முட்டை வெளுப்பா இருக்கும்டா. குளவி அதுக்குள்ள முட்டை வெச்சு, குஞ்சு வளந்தாத்தான் இப்படிப் பளபளன்னு கறுக்கும். நமக்காகச் சண்டை போட வந்த ஆளுங்களையே அடுப்புல போட்டுட்டியே!”

“கண்ணுக்கே தெரியாத குளவியாக்கா?”

“உன் கண்ணுக்கு உன் பொண்டாட்டி செய்யுற வேலையே தெரியல, குளவியா தெரியப்போவுது?”

அந்த வருடம் என் வயலில் பாதி போயிற்று. அவர் வயலோ தலை நிமிர்ந்து நின்றது! மீன் வேகவைத்த சாற்றைச் சோளக் குருத்தில் ஊற்றுவார். வாசனைக்கு எறும்பு வரும், வந்த எறும்பு புழுவைத் தின்னும். “எறும்புக்கு மீன்சாறு, புருஷனுக்கு வெறும் சோளக்களி!” என்று யோராம் அண்ணன் புலம்பாத நாள் உண்டா?

இன்று காலை அவர் வயலுக்குப் போனேன். ஓர் இலையைத் திருப்பினால், இருண்ட முட்டைகள். பொரியப்போகும் புழு முட்டையும் இருண்டுதான் தெரியும். இது எது? “அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க” என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து வரிசையில் யாரும் இல்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பெருமக்களே! நேற்று தூக்கிய கையை உங்கள் எல்லோர் முன்னும் இறக்குகிறேன். அந்த இலையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, குப்பியின் வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றே மூன்று நாள் பொறுங்கள். புழு வந்தால் முதல் மருந்தை என் வயலில் அடியுங்கள். வராவிட்டால் உள்ளே இருப்பது குளவி; மருந்து அதையும் கொன்றுவிடும், எவர் வயலிலும் அடிக்க வேண்டாம். இனி தினமும் விடிந்ததும் வரிசை வரிசையாக இலை திருப்பிப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். இது சத்தியம். தப்புத் தப்பாகத்தான் பார்ப்பேன். திட்டித் திருத்த அவர் இல்லையே! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.