தேங்கிய தண்ணீரும் உதிராத மலரும்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் பத்மநாபன் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் முகுந்த் அவர்களே, இந்த வங்காள நகரின் டாலிகஞ்சிலிருந்தும் சால்ட் லேக்கிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் சங்க இதழின் இயற்கைப் பக்கத்தைக் கவனித்துவந்த உதவி ஆசிரியர் ஷோபனா இன்று இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. எந்தக் கட்டுரையையும் உரக்க வாசிக்கச் சொல்வார். உவமை வந்தால் கையை உயர்த்துவார். "இதைப் படிச்சவங்க அந்த இடத்துல போய் என்ன செய்வாங்க?" என்பார். ஆகாயத்தாமரை மூடிய குளத்தை ஒருவர் பச்சைக் கம்பளம் என்று எழுதியிருந்தார். "கம்பளம்னா மேல நாற்காலி போடத்தான் தோணும். கீழ மூச்சு முட்டுற மீன் ஞாபகம் வருமா?" என்றார் ஷோபனா. சிரித்தோம். ஆனால் அந்தக் குளம் அதன்பின் நமக்குக் கம்பளமாகத் தெரிந்ததா?

கடைசியாக, தன் தெருவில் பாதியில் நின்றுபோன கட்டடத்தைப் பற்றி எழுதியிருந்தார். அதன் அடித்தளத்தில் மழைநீர் தேங்கிக் கிடந்தது.

"ரொம்ப வறட்சியா இருக்கும்மா. வானம் முகம் பார்க்கிற கண்ணாடின்னு ஒரு வரி போடுங்களேன்" என்றார் தலைவர்.

"போட்டா எல்லாரும் வானத்தைத்தான் பார்ப்பாங்க சார். கொசுப்புழுவை யார் பார்ப்பாங்க?"

"விட்டா கொசுவுக்கே கவிதை எழுதுவீங்க போல!"

"எழுதுவேன். கடைசி வரியில உங்களைக் கடிக்க விடுவேன்!"

அந்தக் கட்டுரை அச்சேறும் முன்பே ஷோபனா டெங்குவில் இறந்துபோனார்.

அரங்க வாசலில், 'மலர் உதிர்ந்தது' என்று எழுதி வைத்திருக்கிறோம். அதிலுள்ள அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நண்பர்களே, உதிர்வது மலரின் இயல்பு. கொசு கடித்துச் சாவது ஷோபனாவின் இயல்பா? மலர் என்று சொல்லிவிட்டால் யார் மேலும் பிழையில்லை. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தண்ணீர் அங்கேயே கிடக்கும். வரும் வழியில் நின்று பார்த்தேன். கிடக்கிறது. அதில் வானம் அழகாகத்தான் தெரிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முகுந்த், உங்கள் மனைவியின் கட்டுரை ஒரு சொல்லும் மாறாமல் வெளிவரும். தலைவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதை வங்காள மொழியிலும் எழுதி அந்தத் தெருவில் வீடு வீடாகக் கொடுப்போம். தண்ணீரை இறைக்கும்வரை வார்டு அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போவோம்.

இப்போது மௌன அஞ்சலிக்காக எழுந்து நிற்போம். முடிந்ததும் யாரும் உட்கார வேண்டாம். அந்தக் கட்டடம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. அப்படியே நடந்து போவோம்.